டெபியன் டிவிடி: முழு ஐஎஸ்ஓவையும் மறுபடி இறக்க வேண்டாம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு வந்தது 2025 ஆகஸ்டில். செப்டம்பரில் 13.1, நவம்பரில் 13.2 என்று திருத்த வெளியீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முதல் டிவிடியின் ஐஎஸ்ஓவை (டிவிடி முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு), கிட்டத்தட்ட 4 ஜிபியை, மொத்தமாக இறக்குவது வீண் செலவு. உள்ளே இருக்கும் பேக்கேஜ்களில் (தனித்தனி மென்பொருள் கோப்புகளில்) பெரும்பாலானவை மாறியே இருக்காது. மாறியதை மட்டும் இறக்கிக்கொள்ள டெபியனே ஜிக்டோ என்ற வழியை வைத்திருக்கிறது.

ஏற்கெனவே நிறுவிய கணினிக்கு இது தேவையில்லை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் வழக்கம்போல அப்டேட் செய்தாலே போதும். இணையம் சரியாக இல்லாத இடங்களில் பல கணினிகளுக்கு நிறுவித் தருபவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஜிக்டோ-ஃபைல் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். அப்புறம் டெபியனின் சிடி இமேஜ் தளத்தில் உங்கள் கணினி வகைக்கான ஃபோல்டருக்குள் போனால், ஐஎஸ்ஓ-டிவிடி ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே ஜிக்டோ-டிவிடி என்று ஒன்று இருக்கும். அதில் முதல் டிவிடிக்கான, ஜிக்டோ என்று முடியும் கோப்பின் முகவரியை நகலெடுங்கள். கூடவே இருக்கும் டெம்ப்ளேட் கோப்பை நீங்கள் தொட வேண்டாம், அது தானாக வரும்.

அடுத்து, கையில் இருக்கும் பழைய ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதை ஒரு ஃபோல்டர்போலத் திறந்து வையுங்கள். ஃபைல் மேனேஜரில் சொடுக்கியும் செய்யலாம். ஆனால் அப்போது ஃபோல்டர் பெயரில் இடைவெளிகள் வந்துவிடும், பாதையை அடிப்பது தொல்லை. டெர்மினலில் மவுண்ட் கட்டளைக்கு லூப் தேர்வைக் கொடுத்து எம்என்டி ஃபோல்டரில் ஏற்றுவதையே நான் விரும்புவேன்.

இப்போது ஜிக்டோ-லைட் என்று அடித்து, இடைவெளி விட்டு, நகலெடுத்த முகவரியை ஒட்டி எண்டர் தட்டுங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். எந்தக் கோப்புகளை ஸ்கேன் செய்வது என்று அது ஒரு கேள்வி கேட்கும். பழைய டிவிடி மவுண்ட் ஆகியிருக்கும் பாதையை எதிர்பார்த்துத்தான் கேட்கிறது. புரியாமல் வெறும் எண்டர் தட்டினால் பிழை எதுவும் காட்டாது. பழைய ஐஎஸ்ஓவை எட்டிக்கூடப் பார்க்காமல் எல்லா பேக்கேஜையும் இணையத்திலிருந்து இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே எம்என்டி ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜையும் சரிபார்த்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் ஆகும். முடிந்ததும் அதே கேள்வி மறுபடி வரும். வேலை செய்யவில்லையோ என்று பதற வேண்டாம். வேறு டிவிடி இருந்தால் அதையும் கொடுப்பதற்குத்தான் அந்த வாய்ப்பு. இல்லையென்றால் இப்போது வெறும் எண்டர்.

பிறகு மிரர் (பேக்கேஜ்களின் நகல்களை வைத்திருக்கும் சர்வர்) முகவரி கேட்கும். டெபியனின் பொது மிரரைக் கொடுத்தால் சரி. நடுவில் இணைப்பு அறுந்தால் அதே கட்டளையை அதே ஃபோல்டரில் மறுபடி ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். வட்டில் பழையது, புதியது இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

கடைசியில் கோப்பு சரியாக உருவாகியிருக்கிறதா என்று ஜிக்டோவே பார்த்துவிடும். இருந்தாலும் தளத்தின் ஜிக்டோ-டிவிடி ஃபோல்டரில் உள்ள ஷா256 பட்டியலோடு (கோப்புகளின் சரிபார்ப்பு எண்கள்) ஒப்பிடுங்கள், அந்தப் பட்டியலின் கையொப்பத்தையும் ஜிபிஜி என்ற கருவி கொண்டு சரிபாருங்கள். பிறர் கணினியில் நிறுவப் போகிற கோப்பு இது, இந்தப் படியை விடக் கூடாது.

நிறுவாமலேயே நேரடியாக ஓட்டிப் பார்க்கும் லைவ் இமேஜுக்கு இந்த வழி உதவாது. அதில் முழு சிஸ்டமும் ஒரே சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும், தனித்தனி பேக்கேஜ்களாக இருக்காது. பேக்கேஜ்களை இணையத்திலிருந்து எடுத்து நிறுவும் நெட்இன்ஸ்ட் இமேஜ் சிறியது, அதை நேரடியாகவே இறக்கிவிடலாம்.

பின்சேர்க்கை: பழைய டிவிடியைக் கொடுத்தும் எதிர்பார்த்ததைவிட அதிகம் இறங்குகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளியீடு மாறும்போது சில பேக்கேஜ்கள் ஒரு டிவிடியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறக்கூடும். பழைய டிவிடிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். அதே வெளியீட்டுக்கு அப்டேட் செய்த டெபியன் கணினி இருந்தால், அதன் ஆப்ட் கேஷ் ஃபோல்டரையும் (ஆப்ட் இறக்கிய பேக்கேஜ்கள் சேரும் இடம்) சேர்த்துக் கொடுக்கலாம்.