காஸ்ட்கோவில் காது கேட்கும் கருவி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

"தட்டை எடுத்து வையுங்கள்" என்று சமையலறையிலிருந்து அம்மா சொன்னால், "சட்டையா? மாடியில் இருக்கிறதே" என்பார் அப்பா. முதல் சில மாதங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பிறகு அப்பா பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டார். விருந்தாளிகள் வந்தால் மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். இங்கே காது கேட்கும் கருவி என்று பேச்செடுத்தாலே நண்பர்கள் முதலில் சொல்கிற பெயர் காஸ்ட்கோ. பாலும் அரிசி மூட்டையும் வாங்கப் போகிற அதே கிடங்குக் கடையின் ஒரு மூலையில் காது பரிசோதனை அறை இருக்கிறது. ஒரு ஜோடிக் கருவி ஏறக்குறைய 1,500 டாலர். தனியார் கிளினிக்கில் இதே தரத்துக்கு 4,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய பிறகு 180 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கருவி வாங்க உறுப்பினர் அட்டை மட்டும் வேண்டும். இத்தனை நல்ல ஏற்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், வாங்கிய கருவி மேசை இழுப்பறையில் உறங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் தவறு பெரும்பாலும் கருவியில் இல்லை. அதை வாங்கிய விதத்திலும், வாங்கிய பின் விட்டுவிட்ட விதத்திலும் இருக்கிறது.

நான் செய்த முதல் தவறையே முதலில் சொல்கிறேன். அப்பாவுக்குச் சத்தம் போதவில்லை என்று நினைத்து, இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டியது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் இடியாகக் கேட்டது. பேத்தியின் பேச்சு பழையபடியே புரியவில்லை. வயதானால் பெரும்பாலும் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலு தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ச, த, ப, க போன்ற மெல்லிய, குறுகிய ஒலிகளைப் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் மேல் சுருதியில் இருக்கின்றன. அதனால்தான் 'சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை' என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தட்டை சட்டையாவது இப்படித்தான். எந்தச் சுருதியில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அங்கே மட்டும் அந்த அளவுக்குக் கூட்டித் தருவதுதான் உண்மையான கருவியின் வேலை.

பரிசோதனை இல்லாமல் கடையில் நேரடியாக வாங்கும் கருவிகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 அக்டோபர் 17 முதல் அனுமதித்திருக்கிறது. அவை 18 வயது நிரம்பிய, லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு இருப்பதாக உணர்கிறவர்களுக்கானவை. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் காதுக்குள் மாட்டும் ஒலிப்பான் ஏர்பாட்ஸ் புரோ 2-க்கும் அத்தகைய பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இவை பயனுள்ளவை. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குறைபாடு எவ்வளவு என்று தெரியாமலே அவற்றை வாங்கி, பயன் தெரியாததும் 'கருவியே உதவாது' என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுவதுதான் எனக்கு வருத்தம். காஸ்ட்கோ பரிசோதனை அறையில் பொருத்தித் தருகிற கருவிகள் வேறு, பரிசோதனை இல்லாமல் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற கருவிகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஒரே இரவில் காது அடைத்துப் போய்க் கேட்காமல் போனால், அது கருவி வாங்கும் நேரம் இல்லை. அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டிய அவசரம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறன் மீள வாய்ப்பு உண்டு, நாள் கடந்தால் அது குறைந்துகொண்டே போகும். ஒரு காதில் மட்டும் குறைவது, சீழ் வடிவது, தலைசுற்றல், வலி ஆகியவற்றுக்கும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். வெறும் காதழுக்கு அடைத்திருந்ததை எடுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்களும் உண்டு.

எந்த மாடல் என்ற கேள்வி

நான் மூன்று வாரம் இரவிரவாக மாடல்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். அந்த நேரத்தில் பாதியை வேறு காரியத்துக்குச் செலவிட்டிருக்கலாம். உலகின் பெரும்பாலான கருவிகளைச் செய்வது ஐந்து பெரிய குழுமங்கள். காஸ்ட்கோ சமீப ஆண்டுகளில் விற்ற பெயர்களைப் பாருங்கள்: பிலிப்ஸ் ஹியர்லிங்க் கருவிகளைச் செய்வது, ஓட்டிகான் கருவிகளைச் செய்யும் டிமான்ட். ஜாப்ரா என்ஹான்ஸ் புரோவைச் செய்வது, ரீசவுண்ட் கருவிகளைச் செய்யும் ஜிஎன் குழுமம். ரெக்ஸ்டனைச் செய்வது, சிக்னியாவும் வைடெக்ஸும் உள்ள டபிள்யூஎஸ் ஆடியாலஜி. சென்ஹைசர் கருவிகளைச் செய்வது, ஃபோனாக்கை வைத்திருக்கும் சுவிட்சர்லாந்தின் சோனோவா. எல்லாம் அந்தப் பெரிய குழுமங்களின் சரக்குதான். ஆகவே விலை குறைவு என்பதால் சரக்கு மட்டம் என்று எண்ண வேண்டியதில்லை. அதேபோல் 'இதில் சேனல்கள் (ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் திருத்தும் பகுதிகள்) அதிகம்' என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதால் உங்கள் அப்பாவுக்குக் கூடுதலாகக் கேட்டுவிடும் என்றும் இல்லை.

இன்னும் பலர் 'கிர்க்லேண்ட் கருவி இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். காஸ்ட்கோவின் சொந்தப் பெயரில் 2021-இல் வந்த கிர்க்லேண்ட் சிக்னேச்சர் 10.0 இப்போது விற்பனையில் இல்லை. இந்தக் கடையில் மாடல்கள் அடிக்கடி மாறும். ஆகவே விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டு பழைய ஒப்பீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஒப்பிட வேண்டியவை சில உண்டுதான். அப்பா தினமும் பயன்படுத்தும் கைபேசியையே கையோடு கொண்டுபோய், கடையிலிருந்தே ஒரு வாட்ஸ்அப் அழைப்புப் போட்டுப் பாருங்கள். சில கருவிகளில் எதிர்முனைக் குரல் காதில் விழும், ஆனால் நாம் பேசுவதற்குக் கைபேசியை வாயருகே பிடிக்க வேண்டும். சில கருவிகள் குறிப்பிட்ட கைபேசிகளோடுதான் முழுமையாக இணையும். விரல் நடுங்குகிறவருக்கு, கண் மங்கியவருக்கு, சிறிய பொத்தான் பேட்டரி மாற்றுவது தினசரி வேதனை. இரவில் பெட்டியில் வைத்து மின்னேற்றுகிற வகைதான் அவருக்கு நல்லது. பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு காதுக்கு மட்டும் வாங்குவதும் கூடாது. இரண்டு காதும் மங்கியிருந்தால் இரண்டுக்கும் வேண்டும். குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் இரைச்சலுக்கு நடுவே பேச்சையும் மூளை பிரித்தறிவது இரண்டு காதுகளையும் கொண்டுதான்.

பொருத்தும் நாள்

எல்லாம் தீர்மானமாவது இங்கேதான். காதின் துளை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கருவி, ஒரே அமைப்பு, இரண்டு பேர் காதில் இரண்டு விதமான ஒலியைத் தரும். அதனால், செவிப்பறைக்கு அருகே உண்மையில் என்ன ஒலி போய்ச் சேர்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். நூல் போன்ற ஒரு மெல்லிய சிலிகான் குழாயைக் காதுக்குள் விட்டு, அதன் மேல் கருவியை மாட்டினார்கள். எதிரே இருந்த ஒலிபெருக்கியில் பேச்சு ஒலித்தது. கணினித் திரையில் ஒரு கோடு, இருக்க வேண்டிய அளவு. இன்னொரு கோடு, இருக்கிற அளவு. மேல் சுருதிப் பக்கம் இரண்டாவது கோடு சரிந்து கிடந்தது. நிபுணர் கணினியின் மவுஸை நகர்த்த நகர்த்த அது மேலேறி முதல் கோட்டைத் தொட்டது. தயாரிப்பாளரின் தானியங்கி அமைப்பு மேல் சுருதியில் குறைவாகவே கொடுப்பது பரவலாகத் தெரிந்த விஷயம். இந்த அளவீடு இல்லாமல் 'இப்போது எப்படி இருக்கிறது, சரியா' என்று கேட்டு அனுப்பினால், அதைப் பொருத்துதல் என்று ஏற்காதீர்கள். நேரம் குறிக்கும்போதே 'காதுக்குள் வைத்து அளப்பீர்களா' என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ் பேசும் பெற்றோருக்கு இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'பீப்' ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தும் சோதனைக்கு மொழி வேண்டாம். அடுத்து வருகிற சொல் சோதனை ஆங்கிலத்தில் நடக்கும். ஒலிக்கும் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பழகாதவர் அதில் தடுமாறினால், தவறு காதினுடையதா மொழியினுடையதா என்று யாருக்கும் தெரியாது. 'இந்த மதிப்பெண்ணில் மொழியின் பங்கும் இருக்கிறது' என்று நிபுணரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கருவி மாட்டிய பிறகு வீட்டில் நாங்கள் ஒரு எளிய வழி வைத்துக்கொண்டோம். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை என்று மாற்றி மாற்றிச் சொல்வோம். எது எதுவாகக் கேட்கிறது என்று குறித்துக்கொள்வோம். இது மருத்துவச் சோதனை ஆகாது. ஆனால் 'க'வும் 'த'வும்தான் இன்னும் குழம்புகின்றன என்று போய்ச் சொல்ல முடிந்தது, நிபுணரும் அதற்கேற்பத் திருத்தினார்.

பரிசோதனை அறையில் பெற்றோருக்குப் பதிலாக நாமே பதில் சொல்வதையும் நிறுத்த வேண்டும். 'அப்பாவுக்கு டிவி மட்டும் கேட்டால் போதும்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாக, 'எனக்குக் கோயிலில் அர்ச்சகர் சொல்வது கேட்க வேண்டும்' என்றார். அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

180 நாட்களை வீணாக்குவது

புதுக் கருவி மாட்டிய முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். தாளிக்கிற சத்தம் முகத்தில் அறையும். செய்தித்தாளைப் புரட்டினாலே கூசும். ஆண்டுக்கணக்கில் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிடுவது ஒரு தவறு. அதைவிட மோசமானது, வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டு கெடுவைக் கடத்திவிடுவது. நம் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் செய்வார்கள். 'பிள்ளை இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்' என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்பாவிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அவர் எழுதியவற்றில் சில: 'காரில் பின்சீட்டிலிருந்து குழந்தை பேசுவது கேட்கவில்லை.' 'கோயில் மணி அடித்தால் வலிக்கிறது.' 'இடது காதில் விசில் சத்தம், சால்வை போர்த்தும்போது.' இப்படிச் சொன்னால் நிபுணருக்கு எதைத் திருத்துவது என்று தெரியும். கோயில் மணிச் சத்தத்துக்கு, பலத்த ஒலியின் உச்ச வரம்பைக் குறைத்தார்கள். விசிலுக்கு, காதுக்குள் போகும் சிலிகான் முனையின் அளவை மாற்றினார்கள். 'நன்றாக இல்லை' என்று மட்டும் சொன்னால் எவராலும் எதுவும் செய்ய முடியாது. திரும்பப் போவதற்கும் சுத்தம் செய்து தருவதற்கும் அங்கே கட்டணம் இல்லை. நாங்கள் நான்கு முறை போனோம். நேரம் கிடைக்க நாளாகும் என்பதால், ஒரு முறை போகும்போதே அடுத்த சந்திப்புக்கான நாளையும் குறித்துக்கொண்டு வந்துவிடுவோம்.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பெற்றோருக்கு வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். திரும்பிப் போகும் முன், ஐந்தாவது மாதத்தில் பரிசாக வாங்கிக் கொடுத்தால், திருத்தவே நேரம் இருக்காது. இந்தியாவில் காஸ்ட்கோ கிளை இல்லை. கிர்க்லேண்ட் சிக்னேச்சர் 10.0 கருவியை வெளியே உள்ள கிளினிக்குகளில் மாற்றியமைக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கும் மாடல் அப்படியா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். வந்த முதல் வாரத்திலேயே பரிசோதனைக்கு அழைத்துப் போக முடிந்தால் வாங்கலாம். இல்லையென்றால், விலை கூடினாலும் சென்னையிலோ மதுரையிலோ திரும்பத் திரும்பப் போய்க் காட்டக்கூடிய ஒருவரிடம் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அடிப்படைத் திட்டம் காது கேட்கும் கருவிக்குப் பணம் தராது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் சில மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களும் அலுவலகக் காப்பீடுகளும் தருகின்றன, ஆனால் தங்களோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்குகளில் மட்டும். உங்கள் திட்டத்தில் அந்தச் சலுகை இருந்தால் காஸ்ட்கோவை விட அங்கே கைக்காசு குறைவாக ஆகலாம். தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவச் சேமிப்புக் கணக்கில் (HSA) பணம் இருந்தால் கருவிக்கும் பேட்டரிக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, 'கருவி செத்துவிட்டது' என்று அப்பா பதறிய நாள். உத்தரவாதச் சீட்டைத் தேடத் தொடங்கினேன். உண்மையில், ஒலி வெளியே வரும் முனையில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளை வடிகட்டி இருக்கிறது. அதில் காதழுக்கு அடைத்திருந்தது. கருவியோடு கொடுத்த குச்சியின் ஒரு முனையால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதை அழுத்தினோம். உடனே கேட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அப்பாவே அந்த வடிகட்டியைப் பார்த்து மாற்றிக்கொள்கிறார்.