ஸ்பேர் கேன்: சிறு படகில் எரிபொருள் கொண்டுபோகும்போது செய்யக் கூடாதவை

9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) பூட்டிய ஃபைபர் படகு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு நாலு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கூடுதல். 24 லிட்டர் டேங்க் இருந்தாலும் ஆறு மணி நேர ஓட்டத்தோடு சரி. அதனால் ஸ்பேர் கேன் இல்லாமல் கடலுக்குப் போவதுதான் முதல் தவறு.

கொண்டுபோகிறவர்கள் பயப்படுகிற இடம் ஒன்று, ஆபத்து இருக்கிற இடம் இன்னொன்று. இறுக மூடி, அசையாமல் கட்டிய கேன் பெரும்பாலும் தொல்லை தராது. திறக்கிற நேரம்தான் பிரச்சினை. பங்க்கில் ஒரு முறை, கரையில் ஒரு முறை, அப்புறம் ஆடுகிற படகில் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு முறை. இந்தத் திறப்புகளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

காரணம் ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூட தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, பலகைக்கு அடியில், வலைக்கு அடியில், தேங்கிய தண்ணீருக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும், பேட்டரி முனையில் வயர் உரசுகிற பொறியில் பற்றும். மூடிய கேபின் இல்லாத திறந்த படகுதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. காற்று படகின் மேல்விளிம்பைத் தடவிக்கொண்டு போகும். அடித்தட்டை அது கூட்டிப் பெருக்காது.

கடலில் ஊற்றுவது

இருப்பதில் பெரிய தவறு இதுதான். வலை விட்டுவிட்டு வரும்போது டேங்க் தீர்கிறது. ஒருவர் 15 கிலோ கனமுள்ள கேனைத் தூக்குகிறார், இன்னொருவர் புனலைப் பிடிக்கிறார், ஓர் அலை வந்து இருவரையும் ஆட்டுகிறது. கால் லிட்டராவது தட்டில் சிந்தாமல் இந்த வேலை முடியாது. வாயில் பீடியோடு செய்கிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா?

இதற்கு நல்ல வழி, கேனுக்குப் பதிலாக இன்னொரு அவுட்போர்டு டேங்க்கையே வாங்கி நிரப்பி வைப்பது. முதல் டேங்க் தீர்ந்ததும் குழாயைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டையை நாலு அமுக்கு அமுக்கினால் வேலை முடிந்தது. புனலும் வேண்டாம், கேனைத் தூக்கவும் வேண்டாம். சாதாரண கேனைவிட விலை அதிகம்தான், ஆனால் பாதுகாப்புக்குச் செலவழிக்கிற காசில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மூடியில் உள்ள காற்றுத் திருகு ஸ்பேராகக் கிடக்கும்போது மூடியிருக்க வேண்டும், இன்ஜின் ஓடும்போது திறந்திருக்க வேண்டும். திறக்க மறந்தால் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுபோகும். பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்து நடுக்கடலில் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

கேன்தான் இருக்கிறது, ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால்: இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். லைட், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் முதலிலேயே அணைத்துவிடுங்கள். ஊற்றும்போது எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதைவிடக் கீழே வைத்துக் கைப்பம்ப்பால் மாற்றுவது மேல். சிந்தினால் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை இன்ஜினிலிருந்து தள்ளி வையுங்கள். வாசம் போகும்வரை ஸ்டார்ட் கயிற்றை இழுக்காதீர்கள்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் நம் ஊரில் பைக்கிலிருந்து படகுவரை இருக்கிறது. வாயில் பட்டால் துப்பிவிடலாம் என்று நினைப்பார்கள். வயிற்றுக்குப் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குப் போகிற சில சொட்டுதான் மோசம். கடுமையான நுரையீரல் அழற்சி வரும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது, வரும் வழியில் மறுபடி நுரையீரலுக்குப் போகும். நேராக ஆஸ்பத்திரிதான்.

கேன் என்று கிடைத்ததெல்லாம்

பாமாயில் வந்த கேன், ஃபினாயில் வந்த கேன், தண்ணீர் கேன். எல்லாம் கரையில் கிடைப்பவை, எல்லாம் மெல்லியவை. மூடிக்குள் வாஷர் இருக்காது, இருந்தாலும் பெட்ரோல் பட்டு உப்பிப் போயிருக்கும். வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் ஒரு நாள் மூலையில் விரல் நகம் அளவு பிளந்துகொள்ளும். வெளுத்த கேனையும் அமுக்கினால் நொறுநொறுவென்று சத்தம் போடுகிற கேனையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கும் பெட்ரோலை இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலனில்தான் வைக்க வேண்டும். உலோகக் கலன் 25 லிட்டருக்கு மிகக் கூடாது. அந்த வரியில் பிளாஸ்டிக் இல்லை. 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் இதற்குப் பொருந்தும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். வருடத்துக்கு ஒரு முறை சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

விளிம்புவரை நிரப்புவதும் தவறு. விடியற்காலையில் 26 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், நடுப்பகல் வெயிலில் 46 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 400 மில்லி விரியும். இடம் இல்லாவிட்டால் மூடி வழியாக வரும். மேலே ஒரு லிட்டருக்கான இடம் விடுங்கள். சூடான கேனைத் திறக்கும்போது மூடியை ஒரு சுற்று தளர்த்தி, புஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள்.

பங்க்கில் கேனை மினி ஆட்டோவிலோ பைக்கிலோ வைத்தபடி நிரப்பக் கூடாது. பெட்ரோல் பாய்கிறபோது நிலைமின்சாரம் சேரும். கேன் தரையில் இருந்து, குழாய்முனை கேன் வாயின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தரைக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் விரித்த வண்டித் தட்டில் வைத்தால் இறங்க வழி இல்லை, பொறியாகப் பாயும். மழை இல்லாத, காற்று வறண்ட நாளில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

எங்கே கட்டுவது

அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே கேனைத் திணிப்பார்கள். படகில் அதிகமாகத் தூக்கிப் போடுகிற இடமே அதுதான். கரை உடைப்பு அலையைத் தாண்டும்போது கேன் துள்ளித் துள்ளி விழும். நடுவில், தாழ்வாக, கொஞ்சம் பின்னே தள்ளிக் கட்டுங்கள். நிற்கிற நிலையில், அடியில் பழைய டயர்த் துண்டு, இரண்டு பக்கமும் கயிறு. வலைக்கு அடியில் புதைக்காதீர்கள், கசிந்தால் தெரியாது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். தெர்மோகோல் பெட்ரோல் பட்டால் கரைந்து பிசினாகிவிடும். மீனில் பெட்ரோல் வாசம் ஏறினால் அந்தப் பாடு, அதாவது அந்த முறை கடலுக்குப் போய்ப் பிடித்த மீன், விலை போகாது.

தீயணைப்பானைக் கேன் பக்கத்தில் மாட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. தீ பிடிக்கிற இடம் இன்ஜினும் கேனும் இருக்கிற பின்பக்கம். தீயைத் தாண்டிப் போய்த்தான் தீயணைப்பானை எடுக்க வேண்டும் என்றால் அது இருந்து என்ன பிரயோசனம்? அணியப் பக்கம் மாட்டுங்கள், உலர் தூள் வகை. பெட்ரோல் தீயில் கடல்தண்ணீரை வாளியால் ஊற்றினால் எரிகிற பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து படகு முழுக்கப் பரவும். ஃபைபரும் நன்றாக எரியக்கூடியது. குதித்தாக வேண்டும் என்றால் காற்று வருகிற பக்கமாகக் குதியுங்கள், எரியும் பெட்ரோல் காற்றோடு எதிர்ப்பக்கம் போகும்.

டீசலோ மண்ணெண்ணெயோதானே என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் பெட்ரோலைவிட சாதுதான். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த கேனுக்குள் மண்ணெண்ணெய் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் அதுவும் பற்றும் அளவுக்கு ஆவி விடலாம். மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால் இரண்டு கேன் இருக்கும், இருட்டில் மாறிப்போகும். ஆயில் கலந்தது, கலக்காதது என்ற குழப்பமும் உண்டு. 50க்கு 1 கலவைக்கு 20 லிட்டருக்கு 400 மில்லி ஆயில். அது இல்லாத பெட்ரோலை டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கேன் கழுத்தில் வேறு வேறு நிறக் கயிறு கட்டுங்கள். கையால் தடவிப் பார்த்தே தெரிய, ஒன்றில் முடிச்சும் போட்டுவிடுங்கள்.

ஸ்பேரைக் கணக்கில் சேர்ப்பது

24 லிட்டர் டேங்க், 20 லிட்டர் கேன், ஆக 44 லிட்டர், 22 லிட்டர் தீரும்வரை போகலாம் என்று கணக்குப் போட்டால் உங்களிடம் ஸ்பேர் என்று ஒன்று இல்லவே இல்லை. மொத்தத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் போய், ஒரு பங்கில் வந்து, ஒரு பங்கைத் தொடாமல் விடுவது பழைய வழி. எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்குப் போனதைவிடக் கூடுதலாகவே செலவாகும். பாக் நீரிணையில் இது எல்லைப் பிரச்சினையும்கூட. எண்ணெய் தீர்ந்த படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும்போது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கடல் எல்லைக் கோடு எங்கே போட்டார்கள் என்று பார்க்காது. நங்கூரக் கயிறு போதுமான நீளம் இருக்கிறதா என்பதும், விஎச்எஃப் ரேடியோ இருந்தால் உதவி கேட்க 16ஆம் சேனல், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற தொலைபேசி எண் என்பதும் எண்ணெய்க் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேனில் கடற்காற்றோடு மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. அடிப்பாகத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தெளியவிட்டுப் பாருங்கள், பிரிந்திருந்தால் கோடு தெரியும். ஸ்பேரைத் தனியாக மாதக்கணக்கில் போட்டுவைக்காமல், பாடு முடிந்து கரைக்கு வந்ததும் டேங்க்கில் ஊற்றிவிட்டுக் கேனில் புதிதாகப் பிடியுங்கள்.

காலிக் கேனைச் சாதுவாக நினைப்பது இன்னொன்று. நிறைந்த கேனில் ஆவிக்கு இடமே குறைவு. தீர்ந்த கேனில் மிச்ச ஆவியும் உள்ளே புகுந்த காற்றும் பற்றுவதற்கு ஏற்ற அளவில் கலந்துவிடலாம். மூடியைப் போட்டே கொண்டுவாருங்கள். ஓட்டை விழுந்த இரும்புக் கேனை வெல்டிங் கடைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். வீட்டில் அடுப்பு இருக்கிற பக்கம் வேண்டாம், குழந்தைகள் படுக்கிற அறையும் வேண்டாம். 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் இருந்தால், ஆட்கள் குடியிருக்கும் அறையோடு சேராத தனி இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அதே 1934 சட்டத்தில் இருக்கிறது.