புதிய அணு உலைகளை ஒரு கொப்பித் தாளில் ஒப்பிடுவது எப்படி?

"மாமா, தண்ணி இல்லாம அணு உலை ஓடுமா?" களுவாஞ்சிகுடியில் ஏ.எல். படிக்கும் மருமகன் கேட்டான். ஓடும்; உலைக்குள் இருந்து சூட்டை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை. அவனுக்குக் கீறிக் காட்டியதை அப்படியே தருகிறேன். கொப்பியைத் திறந்து ஐந்து நிரல் கீறுங்கள்.

படி 1: சூட்டைக் காவுவது எது?

யுரேனியம் பிளந்து வரும் சூட்டை உலையிலிருந்து வெளியே கொண்டுபோக ஒன்று வேண்டும். தண்ணீர், சோடியம், ஈயம், ஹீலியம், உருகிய உப்பு என்று ஒவ்வொரு நிரையிலும் ஒன்றை எழுதுங்கள். உலையின் பெயரைவிட இதுதான் முக்கியம். மற்ற நிரல்களில் பாதி தானாக வந்துவிடும்.

படி 2: அமுக்கம்

வழமையான அமுக்க நீர் உலையில் தண்ணீர் 300 பாகைக்கு மேல் சூடாகியும் கொதிக்காமல் இருக்க, ஏறத்தாழ 155 மடங்கு வளிமண்டல அமுக்கம் தேவை. வீட்டுப் பிரஷர் குக்கர் இரண்டு மடங்குக்கே சத்தம் போடுகிறது! சோடியம் 883 பாகையில்தான் கொதிக்கும் என்பதால் அந்தக் கலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 3: எப்போது உறையும்?

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாதல்லவா? சோடியம் 98 பாகையில் அப்படி நிற்கும், ஈயம் 327இல், லித்தியம் பெரிலியம் புளோரைட்டு உப்பு 459இல். உலை நின்றிருந்தாலும் குழாய்களைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீலியத்துக்கு இங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

படி 4: எதோடு ஒத்துப்போகாது?

இந்த நிரலை அகலமாகக் கீறுங்கள். சோடியம் தண்ணீரைக் கண்டால் கொந்தளிக்கும், சூடாகக் காற்றில் பட்டால் எரியும். ஆனால் நீராவி செய்ய அதே தண்ணீர்தான் வேண்டும்! நடுவில் இருப்பது சில மில்லிமீற்றர் உருக்குச் சுவர். அதனால்தான் உலையின் கதிரியக்கச் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் இன்னொரு சோடியச் சுற்று வைக்கிறார்கள். ஜப்பானின் மொன்ஜு உலையில் 1995 டிசம்பரில், அந்த இரண்டாம் சுற்றில் செருகியிருந்த வெப்பமானி உறை, ஓட்டத்தின் அதிர்வில் முறிந்தது. சோடியம் கசிந்து தீப்பிடித்தது. ஒரு சின்னக் குழாய்தான். உலையோ 2010 வரை மூடிக்கிடந்தது. 2016இல் அதைக் கழற்றவே முடிவெடுத்தார்கள்.

உப்பு எரியாது, அரிக்கும். கல்லடிக் கடற்கரையோர வீட்டுக் கேற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் இது வேறு உப்பு, வேறு வேலை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்புச் சோதனை உலையில், இந்த வகை உப்புக்கென்றே செய்த நிக்கல் கலப்புலோகம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பிளவில் உண்டாகும் டெலூரியம் என்ற தனிமம் அதன் மேற்பரப்பிலும் வெடிப்பு விழுத்தியது.

படி 5: கரண்ட் போனால்?

தொடர்வினையை நிறுத்திய கணத்திலும் 6 சதவீதமளவு சூடு மிச்சம் இருக்கும். 2011இல் கரண்ட் போய்ப் பம்பிகள் நின்றபோது, ஜப்பானின் புக்குஷிமா உலைகளைக் கெடுத்தது அதுதான். சீனாவின் ஷாண்டோங் கரையில் 2023 டிசம்பரில் வணிக ரீதியாக ஓடத் தொடங்கிய ஹீலியம் உலையில், எரிபொருள் 6 சென்ரிமீற்றர் கிராபைட் உருண்டைகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றும் சின்னத் தோடம்பழமளவு. பம்பி இல்லாமலே சூடு மெல்ல வெளியேறும். அதற்குக் கொடுக்கும் விலை பருமன்: கலம் பெரிது, ஆனால் இரண்டு உலை சேர்ந்தும் 210 மெகாவாட் மின்சாரம்தான். எனக்கு இதுதான் பிடித்தது, காசு போடுகிறவர்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு கதை.

பயிற்சிக்குக் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக உலையை (நியூத்திரன்களை மெதுவாக்காமல் ஓடும் உலை) நிரப்புங்கள். மருமகன் முதல் நிரலில் 'சோடியம்' என்று எழுதினான். நாலாவதில் 'தண்ணி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு கீறினான்.