எண்ணெயில் ஓடும் பழைய டீசல் கார் இழுக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

சமையல் எண்ணெயில் ஓட்டுவதற்கென்றே அமெரிக்காவில் பலர் தேடிப் பிடிக்கும் கார், டபிள்யூ123 வரிசை மெர்சிடிஸ் 300டி. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர் ஓஎம்617 இன்ஜின், இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளை அழுத்தி அனுப்பும், லேசில் கெடாத பாஷ் இன்லைன் பம்ப். இதில் இரண்டாவது டேங்க் வைத்து, டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசல். இந்த அமைப்பை வைத்தே சொல்கிறேன்.

ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, வேகம் ஏற மாட்டேன் என்கிறது என்றால் எடுத்ததும் சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் எரிபொருள் போதிய அளவு வந்து சேராததுதான் காரணமாக இருக்கும்.

படி 1: டீசலுக்கு மாற்றுங்கள்

இரண்டு டேங்க் இருப்பதே நல்ல பரிசோதனைக் கருவி. டீசலுக்கு மாற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்; பம்பில் மிச்சமுள்ள எண்ணெய் தீர வேண்டுமே. அதே ஏற்றத்தில் இப்போது நன்றாக இழுத்தால் கோளாறு எண்ணெய்ப் பக்கம். படி 2, 3 போதும். மாற்றமே இல்லையென்றால் நேராகப் படி 4.

ஒரு எச்சரிக்கை: மிச்ச எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாவிட்டால் எண்ணெய் டீசல் டேங்குக்குள் போய்ச் சேரும். டீசல் என்று நினைத்து நீங்கள் ஓட்டுவது கலவையாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் கேனில் புது டீசல் எடுத்து, தனி ஹோஸ் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.

படி 2: ஃபில்டரும் சூடும்

முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். பொரித்த எண்ணெயில் மாவுத் துகள், தண்ணீர், கொழுப்பு எல்லாம் இருக்கும். ஐட்லிங்கில் வண்டி அமைதியாக நிற்கும், மிதித்தால் மட்டும் சாகும். அடைத்த ஃபில்டரின் அடையாளம் இதுதான். பழையதை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். கறுப்புக் கசடு என்றால் எண்ணெயைச் சரியாக வடிகட்டவில்லை. வெண்ணெய் மாதிரி வெளுப்பாக இருந்தால் கொழுப்பு உறைந்திருக்கிறது. புதுசு போட்டும் சீக்கிரமே அடைத்தால் டேங்குக்குள் இருக்கும் வலையையும் பாருங்கள்.

40 டிகிரியில் தாவர எண்ணெய் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. அதனால்தான் கூலன்ட் சூட்டில் அதை 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறோம். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜினும் சூடாகாது, எண்ணெயும் இளகாது.

படி 3: காற்று

பம்புக்கு முன்னால் கைநீளத்துக்கு ஒளி ஊடுருவும் ஹோஸ் போட்டு, இன்ஜின் ஓடும்போது கவனியுங்கள். குமிழி வரிசையாக ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உறிஞ்சும் பக்கத்தில் இழுப்பு அதிகம். டீசலில் ஒழுகாத கிளாம்ப்கூட இதில் காற்றை உள்ளே விடும். அப்புறம் டேங்க் மூடி. திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

படி 4: இரண்டிலும் இழுக்கவில்லை என்றால்

ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, இன்ஜினை ஓட்டாமல், பம்ப் லீவர் கடைசிவரை போகிறதா என்று பாருங்கள். லீவர் இணைப்பில் தேய்ந்த புஷ்ஷால் பாதியில் நிற்பது இந்த வண்டிகளில் சகஜம். ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

டர்போ மாடலில் இன்னொன்று. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்ப் மேலுள்ள ஆல்டா என்ற சிறு கருவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். டர்போ அழுத்தம் கொடுக்கிறது, டீசலைக் கூட்டு என்று பம்புக்குச் சொல்வது ஆல்டாதான். மேனிஃபோல்டில் அந்தக் குழாய் சேரும் துளையுள்ள போல்ட்டில் கரி அடைத்துவிட்டால் டர்போ சுற்றியும் பலன் இருக்காது. போல்ட்டைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, குழாயையும் ஊதிவிடுங்கள். செலவே இல்லாத வேலை.

படி 5: இன்ஜெக்டர்

ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் துணி சுற்றி லேசாகத் தளர்த்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், விரலை அருகே கொண்டுபோகாதீர்கள்; அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே போய்விடும். தளர்த்தியதும் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாத சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த இன்ஜெக்டரை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசிலில் கரி பிடித்திருக்கிறது. நகராமல் அங்கேயே நின்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டியதுதான். சூடாகாத எண்ணெயில் நெடுநாள் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் ரிங் ஒட்டிப்போயிருக்கலாம்.