தூரத்தில் தெரியும் ஊர் பக்கத்தில் இல்லை: வியா ஃபிரான்சிஜெனாவில் முதல் நாலு நாள்

இத்தாலியில் பழைய பாதயாத்திரைப் பாதையில் நடக்கணும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எத்தனை நாள் லீவு?" என்றுதான். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை போகும் வியா ஃபிரான்சிஜெனா என்ற அந்தப் பாதை மொத்தம் சுமார் 2,000 கிலோமீட்டர். அதை நினைத்தே பாதிப் பேர் கிளம்புவதில்லை. நாலு நாள் போதும், உண்மையாகவே போதும். மத்திய இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் கம்பாஸ்ஸி தெர்மே என்ற சிற்றூரில் தொடங்கிச் சியேனாவில் முடிக்கிற ஒரு துண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்தப் பாதைக்கு ஒரு சான்று இருக்கிறது. 990இல் கேன்டர்பரிப் பேராயர் சிகெரிக், போப்பிடம் பாலியம் என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டையை வாங்க ரோமுக்குப் போனார். பேராயர்கள் தோளில் அணிவது அது. திரும்பி வருகையில் தங்கிய இடங்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கச் செய்தார், மொத்தம் 79. அந்தப் பட்டியல் தப்பிப் பிழைத்ததால்தான் இன்று நமக்கு வழி தெரிகிறது. 1994இல் ஐரோப்பியக் கவுன்சில் இதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது.

1. மாதமும் விசாவும்

ஏப்ரல் கடைசி, மே, இல்லையென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்போம், ஆனால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளை ரோட்டில் மணிக்கணக்காக நிழலே இருக்காது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். தங்குமிட முன்பதிவை ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் முதலில் ஊர் வரிசையை முடிவு செய்துவிடுங்கள்.

2. பை

நான் முதல் தடவை 11 கிலோ சுமந்தேன். இரண்டாம் நாளே ஒரு ஜீன்ஸையும் தடித்த புத்தகம் ஒன்றையும் தங்கிய விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் சேர்த்து ஏழு கிலோவைத் தாண்டவே கூடாது. இரண்டு சட்டை, இரண்டு கால்சட்டை, மூன்று ஜோடி சாக்ஸ், மழைக்கோட்டு, மெல்லிய படுக்கை உறை, அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் துவைத்துக் காயப்போட வேண்டியதுதான். ஷூவைப் புதிதாக வாங்கி நேராக அங்கே கொண்டுபோகாதீர்கள், ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். காலில் ஓரிடம் சூடாக உறுத்துகிறதா? அப்போதே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த ஊருக்குள் கொப்புளம் வந்துவிடும். பயிற்சிக்கு, பையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

3. கிரெடென்சியாலே

இது யாத்திரிகர் அட்டை. முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கலாம், வழியில் சில சுற்றுலா அலுவலகங்களிலும் விடுதிகளிலும் கிடைக்கும். போகிற ஊரிலெல்லாம் அதில் முத்திரை குத்துவார்கள். யாத்திரிகர் விடுதிகளில் இதைக் காட்டினால்தான் இடம். ரோமில் தரும் சான்றிதழுக்கு ரோமுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டரை நடந்திருக்க வேண்டும், எனவே இந்த நாலு நாளுக்கு அது கிடைக்காது. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்னொரு வருஷம் தொடரலாம். உங்கள் பாஸ்போர்ட், பையின் அடியில் புதைந்து கிடக்க வேண்டாம், ஒவ்வோர் இரவும் கேட்பார்கள்.

4. போய்ச் சேருவது

ஃபுளோரன்ஸிலிருந்து எம்போலி வழியாகச் சியேனா பக்கம் போகும் ரயிலில் காஸ்டெல்ஃபியோரென்டினோவில் இறங்கி, கம்பாஸ்ஸிக்குப் பஸ். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள். காகித ரயில் டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம்.

5. நடை

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வையுங்கள். இங்கே ஊர் எப்போதும் மேலேதான் இருக்கும். அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கெல்லாம் சதுப்பும் காய்ச்சலும், போதாததற்குப் பக்கத்து ஊரோடு ஓயாத சண்டை, அதனால் எல்லோரும் குன்றின் தலையில் மதில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். விளைவு, மதியம் கால் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஊர் கண்ணுக்குத் தெரியும், "இதோ வந்துவிட்டது" என்று மனம் துள்ளும், உடனே பாதை கீழே இறங்கும், ஓடையைக் கடக்கும், அப்புறம் மறுபடி ஏறும். கோபுரத்தைப் பார்த்த பிறகும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்றே கணக்குப் போடுங்கள். கடைசி ஏற்றத்துக்கென்று அரை லிட்டர் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

வழிக்குறி சிவப்பு வெள்ளைப் பட்டை, சில இடங்களில் மூட்டையும் கோலுமாக ஒரு குட்டி யாத்திரிகர் படம். கால் மணி நேரமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிவிடுங்கள். பாதையின் ஜிபிஎஸ் தடத்தைப் போனில் முன்பே இறக்கி வைப்பது நல்லது.

முதல் நாள் கம்பாஸ்ஸியிலிருந்து சான் ஜிமிஞானோ, சுமார் 14 கிலோமீட்டர். நடுவில் பாங்கோலே மாதா கோயிலில் கொஞ்சம் உட்காரலாம். சான் ஜிமிஞானோவில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் கட்டின. 72 இருந்தன என்பார்கள், இப்போது நிற்பவை 14. 1348இல் கொள்ளைநோய் வந்தது, 1353இல் ஊர் ஃபுளோரன்ஸின் பிடிக்குள் போனது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் பழசு பிழைத்தது. 54 மீட்டர் உயரமுள்ள டோர்ரே கிரோஸ்ஸாவில் ஏறலாம், கால் ஒத்துழைத்தால். பகலில் டூரிஸ்ட் கூட்டம் தாங்காது, இங்கே இரவு தங்குவதுதான் சரி. பஸ்கள் கிளம்பிய பிறகு கிணற்றுச் சதுக்கத்துப் படியில் உட்கார்ந்து பாருங்கள், காலையில் பார்த்த ஊரா இது என்று தோன்றும்.

அடுத்த கட்டமான மோன்டெரிஜ்ஜோனி வரை வழிகாட்டிகளில் ஒரே நாள், 31 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். புதியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோல்லே டி வால் டெல்சா வழியாகப் போகும் கிளைப்பாதையைப் பிடித்து, அங்கே ஓர் இரவு தங்கி, இரண்டாக உடையுங்கள். கோல்லேயில் கீழூரிலிருந்து மேலூருக்கு லிஃப்ட் இருக்கிறது. யாத்திரிகர் லிஃப்டில் ஏறலாமா என்று கேட்டால், தாராளமாக ஏறலாம்.

மூன்றாம் நாள் வழியில் அப்பாதியா ஆ இசோலா. "தீவு மடம்" என்று பொருள், சுற்றிலும் சதுப்பு இருந்த காலத்துப் பெயர். சிகெரிக் தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. பிறகு மோன்டெரிஜ்ஜோனி: ஃபுளோரன்ஸைத் தடுக்க 1213இல் தொடங்கிச் சியேனாக்காரர்கள் கட்டிய கோட்டை, சுற்றளவு 570 மீட்டர்தான், 14 காவல் கோபுரங்கள். ஐந்து நிமிடத்தில் ஊரைக் கடந்துவிடலாம், கட்டிலோ சில பேருக்குத்தான், எனவே முதலில் முன்பதிவு செய்ய வேண்டியது இங்கேதான். மளிகைச் சாமானைக் கோல்லேயிலேயே வாங்கி வந்துவிடுங்கள்.

நாலாம் நாள் சியேனா, சுமார் 21 கிலோமீட்டர். பாதி வழி காடு, கடைசியில் தார்ரோடு, அது சலிப்புத்தான்.

6. சாப்பாடு

மதியம் ஒரு மணிக்கு மேல் சிற்றூர்க் கடைகள் மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். இரவு ஏழரைக்கு முன் சமையலறையில் அடுப்பு எரியாது. எனவே காலையிலேயே ரொட்டி, பெகோரினோ சீஸ், பழம் பையில் இருக்கட்டும். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், ஒரு சின்ன ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோனது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். சைவம் என்றால் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்வது போதாது, பன்றித் தொடையின் மெல்லிய சீவல் வந்து நிற்கும். "சோனோ வெஜிதாரியானோ", பெண்கள் "வெஜிதாரியானா" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் கொதிக்க வைத்த ரிபோல்லிதா வயிறு நிறையும். குழாயில் "நோன் போதாபிலே" என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

7. சியேனாவுக்குள்

வடக்கே கமோல்லியா வாசல் வழியாக நுழைவீர்கள். வாசலைவிட அகலமாகச் சியேனா உனக்குத் தன் நெஞ்சைத் திறக்கிறது என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. நேராகப் பேராலயத்துக்குப் போங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். எதிரே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா, நூற்றாண்டுகளாக யாத்திரிகரையும் நோயாளிகளையும் அநாதைக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட மருத்துவமனை, இன்று அருங்காட்சியகம். யாத்திரிகர் கூடத்தின் சுவரில் 1440களில் வரைந்த ஓவியங்களில், காயத்தைக் கழுவுகிறவர்களையும் ரொட்டி பங்கிடுகிறவர்களையும் பார்க்கலாம். பையோடு விட மாட்டார்கள், முதலில் அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. ஊரிலிருந்து அங்கே இறங்க வரிசையாக எஸ்கலேட்டர்கள் உண்டு. நான் ஒன்றில்கூட நடக்கவில்லை, நின்றுகொண்டேதான் போனேன்.