‘ஸ்காலர்ஷிப்’ என்று மட்டும் தேடாதீர்கள்

வெளிநாட்டில் நிதியுதவியுடன் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் பலர் ‘ஸ்காலர்ஷிப்’ என்று தேடியே களைத்துப்போகிறார்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய வேலை. ஆகவே பல்கலைக்கழகத் தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்செஸ் தளத்திலும் இந்த அறிவிப்புகளை இலவசமாகத் தேடலாம்.

மேரி கியூரி பெயரிலான ஐரோப்பியத் திட்ட இடங்களில் ஒரு கொக்கி இருக்கிறது: பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், அந்தப் பணி இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இரண்டாண்டு முதுகலையை அங்கேயே முடித்தவர்கள் சறுக்குவது இங்கேதான். பக்கத்து நாட்டு இடத்துக்கு அவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

பேராசிரியருக்கு எழுதும்போது, அவருடைய கட்டுரையின் எந்த முடிவு உங்களை யோசிக்கவைத்தது என்று இரண்டு வரி சேருங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்’ என்று தொடங்கும் கடிதத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை.