கவாகோவேயை ஒரு நாளில் நிதானமாகப் பார்க்க

வேலை டோக்கியோவின் இக்கேபுகுரோ பகுதியில், வீடு பக்கத்து ஊரான கவாகோவேயில். எக்ஸ்பிரஸ் ரயிலில் அரை மணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த வழியில்தான் கூட்டிப்போகிறேன்.

முதலில் ஸ்டேஷன். கவாகோவே, கவாகோவேஷி, ஹொன்கவாகோவே என்று மூன்று உண்டு. பழைய கடைத்தெருவுக்குக் கிட்டத்தில் இருப்பது ஹொன்கவாகோவே. செய்பு ஷின்ஜுகு ரயில் அங்கேயே வந்து நிற்கும். தோபு ரயிலில் வந்தால் கவாகோவேஷியில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஹொன்கவாகோவே வந்துவிடும். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் நெரியும்.

காலையில் கடைத்தெருவை விட்டுவிட்டு கிதாயின் கோவிலுக்குப் போங்கள். 1638 தீயில் எரிந்த கோவில் இது. அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) இயேமித்சு, எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த தன் கோட்டையின் அறைகளையே பிரித்து இங்கே கொண்டுவரச் செய்தார். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். வளாகத்தில் 538 கல் சிலைகள், ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை. காதில் ரகசியம் சொல்லும் ஒரு சிலையைத் தேடிப் பாருங்கள். அதன் முன்னாலிருந்து என் அம்மா நகரவே இல்லை.

அங்கிருந்து வடக்கே இருபது நிமிடம் நடந்தால் கடைத்தெரு. பன்னிரண்டு மணிக்கு மணிக்கூண்டு ஒலிக்கும்போது அதன் அடியில் நில்லுங்கள். அப்புறம் எதிர்ப்பக்கம் நின்று கறுப்புச் சுவர் கடைகளைப் பாருங்கள். 1893இல் பெருந்தீ ஊரில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. 1792இல் கட்டிய ஓசாவா வீடு கனத்த மண்சுவரால் தப்பி நின்றது. அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் இப்படிக் கட்டினார்கள். மாடி ஜன்னல் கதவுகளின் ஓரம் படிப்படியாக இருக்கும். ஒன்றோடொன்று பொருந்தி, தீ நுழைய இடுக்கே இல்லாமல் மூடிக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் போனால் இந்த ஊரைப் பார்த்ததாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பசித்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வறுவல், ஐஸ்கிரீம், எல்லாமே அதில்தான். மிட்டாய்ச் சந்தும் பக்கம்தான். குப்பைத்தொட்டி அரிது, ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிவாக்கில் கடைகள் சாத்தத் தொடங்கும், வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். காலியான தெருவில் ஆறு மணிக்கு அந்த மணி மறுபடி அடிக்கும். கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.